மண்ணைத் திறந்து போடாதீர்: கமுந்திங் நிலம் கற்றுத்தந்த பாடம்

கமுந்திங் என்ற ஊர்ப்பெயர் ஒரு செடியின் பெயரிலிருந்து வந்ததாகச் சொல்லப்படுகிறது. மலாய் மொழியில் 'கெமுந்திங்' எனப்படும் அந்தச் செடி இளஞ்சிவப்பு நிறத்தில் பூக்கும். கருநீலத்தில் சிறிய பழம் பழுக்கும். நீலகிரி மலைப்பகுதி மக்கள் இதே செடியின் பழத்தைத் 'தவிட்டுப்பழம்' என்பார்கள். மற்ற பயிர்கள் தயங்கும் சத்தற்ற மணல் நிலத்திலும், வெயில் விழும் திறந்த வெளியிலும் வளரக்கூடியது இது.

ஈயம் தோண்டி, ரப்பர் நட்டு, பிறகு செம்பனைக்கு மாறி, இன்று தாமான்களும் தொழிற்சாலைகளும் நிறைந்த இந்த வட்டாரத்துக்கு இப்பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. தைப்பிங், கமுந்திங் சுற்றுவட்டாரத்தில் கடந்த ஒன்றரை நூற்றாண்டில் மண் பெரிய அளவில் இருமுறை இழக்கப்பட்டுள்ளது. முதல் இழப்பு ஈயத்தால் வந்தது. இரண்டாவது, 'சுத்தமாக' வைத்திருந்த தோட்டங்களால் வந்தது. அந்த இரண்டாவது இழப்பில் மண்வெட்டி பிடித்த கைகள் பெரும்பாலும் நம் தாத்தா பாட்டிகளுடையவை. பின்னர் தோட்டங்கள் திருத்திக்கொண்ட பாடம் இன்று வீட்டுக்குப் பின்னால் நாலு கத்தரிச்செடி வைத்திருப்பவருக்கும் பயன்படும்.

மேல்மண் என்பது எது?

நாம் மிதிக்கும் நிலம் முழுவதும் ஒரே மாதிரியானது அல்ல. மேலே ஒரு சாண் அளவுக்குக் கறுப்போ பழுப்போ கலந்த அடுக்கு இருக்கும். மட்கிய இலை, வேர், மண்புழு, பூஞ்சை, நுண்ணுயிர் எல்லாம் குடியிருக்கும் இடம் இதுதான். இதன் கீழே இருப்பது அடிமண். நம் பகுதியில் அது பெரும்பாலும் மஞ்சளாகவோ சிவப்பாகவோ, இறுக்கமாகவோ இருக்கும். பயிருக்கான சத்து மிகக் குறைவு.

ஒரு மேசைக்கரண்டி நல்ல மண்ணில் உள்ள உயிர்களின் எண்ணிக்கை உலக மக்கள்தொகையை விட அதிகம் என்கிறது ஐநாவின் உணவு, வேளாண் அமைப்பு. நம் உணவில் 95 விழுக்காடு நேரடியாகவோ மறைமுகமாகவோ மண்ணிலிருந்தே வருகிறது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண் உருவாக ஆயிரம் ஆண்டுகள் வரை ஆகலாம் என்றும் அதே அமைப்பு சொல்கிறது. ஆண்டுதோறும் டிசம்பர் 5ஆம் தேதி உலக மண் தினம் கடைப்பிடிக்கப்படுவதற்குக் காரணம் இதுதான்.

கணக்கை இப்படிப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர் மண் கரைந்து போனால், அது ஏறக்குறைய 12 டன் எடை. ஒரு மில்லிமீட்டர் என்பது நம் கையில் புழங்கும் நாணயத்தின் தடிமன்கூட இல்லை. அதனால்தான் மண் போவது கண்ணுக்குத் தெரிவதில்லை. மரத்தின் வேர் வெளியே தெரியும்போதுதான் தெரிகிறது.

நான்கு மீட்டர் மழை

தீபகற்ப மலேசியாவில் அதிக மழை பெறும் நகரம் தைப்பிங். ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று புக்கிட் லாருட் மலைத்தொடரில் முட்டி, அடிவாரத்திலேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஆண்டுக்கு 4,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது என்று பொருள். சென்னை பெறும் மழையைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு.

இந்த மழை மண்ணுக்கு இரண்டு வழிகளில் கேடு செய்கிறது. ஒன்று, வெறும் மண்ணில் ஓங்கி விழும் துளி மண்கட்டியை உடைத்துத் தூளாக்குகிறது. அந்தத் தூள் மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்ள, தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலே ஓடுகிறது. ஓடும்போது மேல்மண்ணையும் கொண்டு போகிறது. இரண்டு, உள்ளே இறங்கும் தண்ணீர் சுண்ணாம்பு, மக்னீசியம், பொட்டாசியம் போன்ற சத்துகளைக் கழுவிக் கீழே தள்ளிவிடுகிறது. பல்லாயிரம் ஆண்டுகளாக இப்படிக் கழுவப்பட்டதால்தான் நம் மண் புளிப்புத்தன்மை கொண்டதாக இருக்கிறது.

மலேசிய நிலப்பரப்பில் சுமார் 72 விழுக்காடு இவ்வகைப் பழைய, கழுவப்பட்ட மண் என்று மண்ணியலாளர்கள் கணக்கிட்டுள்ளனர். இதன் பிஎச் அளவு பெரும்பாலும் 4க்கும் 5க்கும் இடையில் இருக்கும். அந்தப் புளிப்பில் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர்நுனியைத் தாக்கும். போடும் பாஸ்பேட் உரத்தையும் மண்ணே பிடித்து வைத்துக்கொள்ளும்.

அப்படியானால் இங்கே பெருங்காடு எப்படி வளர்ந்தது? காட்டின் செல்வம் மரத்திலும் தரையில் மட்கும் இலையிலும் இருந்தது. இலை விழுந்தது, மட்கியது, வேர் உடனே உறிஞ்சிக்கொண்டது. மழைத்துளி மண்ணை நேராகத் தொடவே இல்லை. காட்டை வெட்டி எரித்து மண்ணைத் திறந்தால், ஓரிரு போகம் விளையும். அதன்பின் நிலம் சோர்ந்துவிடும்.

முதல் இழப்பு: ஈயம்

லாருட்டில் ஈயத் தொழில் 1840களில் லோங் ஜாபார் காலத்தில் சூடுபிடித்தது. 'கிளியான் பாவு' எனப்பட்ட சுரங்கப் பகுதிதான் இன்றைய தைப்பிங். 'கிளியான் பாரு', அதாவது புதிய சுரங்கம், இன்றைய கமுந்திங். இந்த நிலத்தின் ஈயத்துக்காக ஹை சான், கீ ஹின் குழுக்கள் மோதிய லாருட் போர்கள் 1861இல் தொடங்கின. 1874 பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் அவை ஓய்ந்தன. 'நிலையான அமைதி' என்ற பொருளில் தைப்பிங் என்ற பெயரும் வந்தது.

மனிதர்கள் சமாதானமானார்கள், நிலம் மீளவில்லை. ஈயம் எடுக்கும் முறை அப்படி. மேல்மண்ணை அகற்றி, அடியிலுள்ள ஈய மணலைத் தண்ணீர் பாய்ச்சிக் கலக்கி, 'பாலோங்' எனப்படும் நீண்ட மரவாய்க்காலில் ஓடவிடுவார்கள். கனமான ஈயம் தங்கிவிடும். மற்றவை வெளியே தள்ளப்படும். பிறகு வந்த ஈயக் கப்பல்கள் இதையே இயந்திர வேகத்தில் செய்தன. அவற்றில் ஒன்றான 1938இல் கட்டப்பட்ட 'டிடி5' கப்பல் இன்றும் தஞ்சோங் துவாலாங் அருகே காட்சிக்கு நிற்கிறது.

வெளியே தள்ளப்பட்ட கழிவு இரண்டாகப் பிரிந்தது. கனமான மணல் அருகிலேயே மேடாகக் குவிந்தது. மெல்லிய சேறு தண்ணீரோடு ஓடித் தாழ்ந்த இடத்தில் படிந்தது. மணலில் தண்ணீர் நிற்காது, உரம் நிற்காது, நண்பகலில் கால் வைக்க முடியாது. சேற்றிலோ தண்ணீர் வடியாது, வேருக்குக் காற்று கிடைக்காது. மணலும் களியும் மட்கும் கலந்திருந்தால்தான் அது மண். அவற்றைப் பிரித்துப் போட்டால் எதுவுமே மண் இல்லை. தீபகற்ப மலேசியாவில் இப்படி விடப்பட்ட நிலம் 1 லட்சம் ஹெக்டேருக்கும் அதிகம்; பேராக், சிலாங்கூர் மாநிலங்களில்தான் பெரும்பகுதி.

சேறு சுரங்கத்தோடு நிற்கவில்லை. ஆறுகளில் படிந்து படுகையை உயர்த்தியது. சிலாங்கூரில் கோலக்குபு என்ற ஊரே மணலும் வெள்ளமும் ஏறியதால் கைவிடப்பட்டு, கோலக்குபு பாரு என்ற புதிய ஊர் உருவானது.

இரண்டாம் இழப்பு: பளிச்சென்ற தோட்டம்

1877இல் ரப்பர் கன்றுகள் கோலகங்சாருக்கு வந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேராக் மேடுகளெல்லாம் ரப்பர் தோட்டங்களாயின. அந்நாளைய துரைமார்களிடம் ஒரு நம்பிக்கை இருந்தது: நல்ல தோட்டம் என்றால் பால்மரத்தைத் தவிர ஒரு புல்கூடத் தெரியக் கூடாது. களை, மரத்தின் சாப்பாட்டைத் திருடிவிடும் என்று கருதினார்கள்.

ஆகவே வெளிக்காட்டு வேலைக்கு ஆள் பிடித்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் உட்படத் தமிழ்த் தொழிலாளர்கள் நிரை நிரையாக நின்று புல்லைச் செதுக்கினார்கள். சரிவில் புல் முளைத்தால் கங்காணிக்குத் திட்டு. கங்காணியிடம் திட்டு வாங்குவது தொழிலாளி. உழைப்பு முழுவதும் போட்டு அவர்கள் பளிச்சென்று வைத்த அந்தத் தரைதான் மழையில் கரைந்து ஆற்றுக்குப் போனது. மேட்டுப் பகுதிகளில் வேர்கள் வெளியே வந்தன. எத்தனை டன் மேல்மண் போனது என்று அன்று யாரும் அளந்து வைக்கவில்லை.

தவறு புரிந்தபோது பெரும் இழப்பு நேர்ந்திருந்தது. சரிவுகளில் மண்ணைப் பிடிக்கக் குழிகளும் வரப்புகளும் வெட்டினார்கள். 1925இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைந்த பிறகு, வெறுந்தரையை விட மூடிய தரையே மரத்துக்கு நல்லது என்பது படிப்படியாக ஏற்கப்பட்டது.

கொடி போர்த்திய தரை

தீர்வு ஒரு கொடியாக வந்தது. புவேரேரியா, கலபோகோனியம், சென்ட்ரோசீமா ஆகிய மூன்றும் அவரைக் குடும்பக் கொடிகள். இளங்கன்று நட்ட நிலத்தில் நிரைகளுக்கு நடுவே விதைத்தால் சில மாதங்களில் தரையை மூடிவிடும். பழைய தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கால் இடறும் அந்தப் பச்சைக் கொடி நினைவிருக்கும்.

அது செய்யும் வேலை நான்கு. மழைத்துளியின் அடியை இலை தாங்கிக்கொள்கிறது. நிழல், மண்ணைக் குளிர்ச்சியாக வைக்கிறது. லாலாங் புல்லை எழவிடாமல் அமுக்குகிறது. நான்காவதுதான் முக்கியம்: இக்கொடியின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்குகிறது. இலை உதிர்ந்து மட்கும்போது அந்த உரம் மரத்துக்குப் போகிறது. தமிழ்நாட்டு உழவர்கள் கொழிஞ்சியையும் சணப்பையும் தக்கைப்பூண்டையும் வளர்த்து மடக்கி உழுவதும் இதே அறிவுதான்.

1990களில் கேரள ரப்பர் தோட்டங்களில் பயன்பட்ட முகுனா பிராக்டியேட்டா என்ற கொடியும் இங்கே வந்தது. நிழலையும் வறட்சியையும் தாங்கும் இக்கொடியை இன்று பல செம்பனைத் தோட்டங்களில் காணலாம்.

செம்பனையில் மட்டையும் மருந்தும்

ரப்பருக்குப் பின் செம்பனை வந்தது. குலை வெட்டும்போது விழும் மட்டையை நிரைகளுக்கு நடுவே அடுக்கி வைப்பது தோட்டத்து வழக்கம். பார்ப்பதற்குக் குப்பை போல் இருக்கும். ஆனால் தோட்டத்தில் மண்புழு அதிகமாகக் கிடைப்பதும் மண் கறுத்திருப்பதும் அந்த மட்டைக்கு அடியில்தான். ஆலையில் மிஞ்சும் வெற்றுக்குலையையும் திரும்பக் கொண்டு வந்து தரையில் பரப்புகிறார்கள்.

மறுநடவின்போது பழைய மரங்களைச் சாய்த்து எரிப்பதே ஒரு காலத்தில் முறை. 1980களின் பிற்பகுதியில் கோல்டன் ஹோப் நிறுவனம், எரிக்காமல் மரத்தைச் சீவித் துண்டாக்கி அங்கேயே மட்கவிடும் முறையைப் பெரிய அளவில் நடைமுறைப்படுத்தியது. எரித்தால் சாம்பல் ஒரு மழைக்குப் போதும். மட்கவிட்டால் ஆண்டுக்கணக்கில் சத்து இறங்கும்.

இன்னொரு பக்கம், மண்வெட்டி செய்த வேலையை மருந்து செய்யத் தொடங்கியது. களைக்கொல்லி அடித்துத் தரையை மொட்டையாக்கும் பழக்கம் பரவியது. முதுகில் தோம்பு சுமந்து மருந்தடித்தவர்களில் நம் பெண்கள் ஏராளம். கொடிய நஞ்சான பாராகுவாட், மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. எந்த மருந்தானாலும், மரத்தைச் சுற்றிய வட்டத்தையும் நடைபாதையையும் தாண்டித் தரை முழுக்க அடித்தால், பழைய தவறு புதிய வடிவில் திரும்புகிறது என்றே பொருள்.

போன மண்ணை மீட்க முடியுமா?

ஓரளவு முடியும், காலம் பிடிக்கும். தைப்பிங் ஏரிப்பூங்கா நமக்கு அருகிலுள்ள சான்று. தோண்டிக் கைவிடப்பட்ட ஈயக் குட்டைகளைப் பொதுப்பூங்காவாக்கும் பணி 1880இல் தொடங்கியது. ஏரியின் மேல் கிளை பரப்பி நிற்கும் மழைமரங்கள் 1880களில் நடப்பட்டவை.

சிலாங்கூர் கெப்போங்கில் மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம் நிற்கும் இடமும் ஈயம் தோண்டிய, காய்கறி பயிரிட்டு ஓய்ந்த நிலமே. 1920களில் நடத் தொடங்கிய மரங்கள் இன்று அடர்காடு. 2025இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. நம் மாநிலத்தில் பீடோரிலும் ஈய மணலில் மரம் வளர்க்கும் ஆய்வை அதே கழகம் நடத்தி வந்துள்ளது. கிந்தாப் பள்ளத்தாக்கில் சிறு விவசாயிகள் கோழி எருவும் மட்கும் ஆண்டுக்கணக்கில் போட்டு, ஈய மணலிலேயே காய்கறியும் கொய்யாவும் விளைவித்துக் காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் எருவால் சரியாகாத கேடும் உண்டு. ஈப்போ அருகே புக்கிட் மேராவில் 1982இல் இயங்கத் தொடங்கிய ஏசியன் ரேர் எர்த் ஆலையின் தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவு, அப்பகுதி மக்களை நீதிமன்றம் வரை கொண்டு சென்றது. 1994இல் ஆலை மூடப்பட்டது. துப்புரவுப் பணி அதன் பிறகும் பல ஆண்டுகள் நீடித்தது. கரைந்து போன மண்ணைக் காலத்தால் வளர்க்கலாம். நஞ்சேறிய மண்ணை அள்ளிப் புதைக்கத்தான் முடியும். எனவே பழைய சுரங்க நிலத்திலோ, பட்டறை, குப்பைமேடு இருந்த இடத்திலோ கீரை பயிரிடுமுன் மண்ணைச் சோதிப்பது நல்லது. மாவட்ட வேளாண் அலுவலகத்தில் மண் பரிசோதனை பற்றி விசாரிக்கலாம்.

தாமான் வீட்டில் என்ன செய்யலாம்?

தோட்டத்து லயத்தில் வீட்டுக்கு முன்னும் பின்னும் காய்கறி இருந்தது, மாடு இருந்தது, சாணம் இருந்தது. தாமானுக்கு வந்தபோது மாடு வரவில்லை, மண்ணும் வரவில்லை. வீடமைப்புக்காக நிலத்தைச் சமன் செய்யும்போது மேல்மண் வழிக்கப்பட்டு, அடிமண்ணோ மணலோ கொட்டி, இயந்திரத்தால் இறுக்கப்படுகிறது. 'எங்கள் வீட்டில் எது நட்டாலும் வருவதில்லை' என்று பலர் சொல்வது கைராசியால் அல்ல, மண்ணால்.

முதலில் மண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் படியும். வண்டல் சில மணி நேரத்தில் அதன் மேல் படியும். களி ஒரு நாளுக்கு மேலும் கலங்கலாக நிற்கும். மண்ணில் எது அதிகம் என்பது இதில் தெரிந்துவிடும். மணல் அதிகமானாலும் களி அதிகமானாலும் மருந்து ஒன்றுதான்: மட்கிய எரு.

* மூடி வையுங்கள். காய்ந்த இலை, வெட்டிய புல், வைக்கோல் எது கிடைத்தாலும் செடியைச் சுற்றி ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டிக் குவிக்க வேண்டாம், அழுகிவிடும்.
* இலையை எரிக்காதீர்கள். 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி திறந்தவெளியில் எரிப்பது குற்றம். அதைவிட, எரிப்பது உங்கள் சொந்த உரத்தை.
* எரு போடுங்கள். காய்ந்த இலை மூன்று பங்கு, காய்கறிக் கழிவு ஒரு பங்கு என்று அடுக்கி, வாரம் ஒருமுறை கிளறினால் நம் வெப்பத்தில் இரண்டு மூன்று மாதங்களில் எரு தயார். மீன், இறைச்சி, எண்ணெய் வேண்டாம். பச்சைக் கோழி எருவை நேரடியாகப் போடாமல் மட்கவிட்டுப் போடுங்கள்.
* புளிப்பைக் குறையுங்கள். விவசாயக் கடைகளில் 'ஜிஎம்எல்' என்ற பெயரில் மக்னீசியம் கலந்த சுண்ணாம்புத் தூள் கிடைக்கும். பிஎச் 5க்குக் கீழ் இருந்தால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிராம் தூவிக் கிளறி, இரண்டு மூன்று வாரம் கழித்து நடலாம். கோழி எருவையும் யூரியாவையும் அதோடு ஒரே நாளில் கலக்காதீர்கள். நைட்ரஜன் காற்றில் போய்விடும்.
* மேட்டுப்பாத்தி அமையுங்கள். நம் மழைக்கு ஒரு சாண் உயரப் பாத்தி தேவை. வேர் மூச்சுவிடும்.
* ஈர மண்ணை மிதிக்காதீர்கள். நடக்க ஒரு பாதை, நட ஒரு பாத்தி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.
* பயறு வகையை மாற்றி மாற்றி நடுங்கள். கீரை எடுத்த பாத்தியில் அடுத்துப் பயிற்றங்காயோ கச்சானோ நட்டால், அறுவடைக்குப் பின் வேரைப் பிடுங்காமல் வெட்டி விடுங்கள்.
* சரிவில் வெட்டிவேர் நடுங்கள். குறுக்கே ஒரு வரிசை நட்டால் அதன் வேர் ஆழ இறங்கி மண்ணைப் பிடிக்கும். இங்குள்ள ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறது.

ஓராண்டு இப்படிச் செய்தபின் ஒரு மண்வெட்டி அளவு மண்ணைத் தோண்டிப் பாருங்கள். மண்புழு தெரிந்தால், மழைநாற்றம் போன்ற மணம் வந்தால், கையில் பிடித்தால் பொலபொலவென்று உதிர்ந்தால், மண் தேறி வருகிறது என்று அறியலாம்.

வேலிக்கு வெளியேயும்

வீட்டு மண்ணை நாம் பார்த்துக்கொள்ளலாம். மலைச்சரிவில் மொட்டையடிக்கப்படும் நிலத்தைத் தனியாள் தடுக்க முடியாது. மலைநிலத்தையும் மண்ணரிப்பையும் கட்டுப்படுத்த 1960 நிலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மேம்பாட்டுப் பணி நடக்கும் இடத்திலிருந்து செம்மண் கலங்கி வாய்க்காலுக்கு வந்தால், தேதியோடு படம் எடுத்து மாவட்ட நில அலுவலகத்துக்கும் நகராண்மைக் கழகத்துக்கும் குடியிருப்பாளர் சங்கத்தின் மூலம் புகார் தரலாம்.

பள்ளிகளும் இதைக் கையில் எடுக்கலாம். பள்ளித் தோட்டத்தில் இரண்டு பாத்தி போடுங்கள்: ஒன்றை மூடி வையுங்கள், இன்னொன்றைத் திறந்து விடுங்கள். இரண்டின் கீழும் ஒரு வாளி வைத்து, ஒரு தைப்பிங் மழைக்குப் பிறகு எந்த வாளியில் எவ்வளவு மண் என்று பிள்ளைகளை அளக்கச் சொல்லுங்கள். அன்று தோட்டங்களில் யாரும் அளக்காததை அவர்கள் ஒரே பிற்பகலில் அளந்துவிடுவார்கள்.